சங்ககிரிச் சீமையின் இல்லத் தறிகள்

ஆடையில்லா மனிதன் அரை மனிதன் என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதனை முழு மனிதனாக்கும் அவ்வாடையை நெய்தளித்தவன் யாவன், அவன் இல்லம் எவ்வாறிருந்தது, அவன் கைக்கு வந்த கூலி எத்துணை என்பனவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. மன்னர் முடி சூடிய ஆண்டும் மாண்ட ஆண்டும் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டுள. அம்மன்னர் உடுத்த கலிங்கமோ நெய்தவன் பெயரின்றியே நைந்து ஒழிந்தது. ஆதலின் சங்ககிரிச் சீமையில் குடும்பத் தொழிலாய் வளர்ந்த நெசவின் வரலாற்றை நம் மரபினரும் அவர்தம் மக்களும் அறியுமாறு இயன்ற அளவு ஈண்டுக் கூறத் தொடங்குகின்றேன்.

சங்ககிரிச் சீமை என்று யான் குறிப்பது, இன்று சேலம் மாவட்டத்துச் சங்ககிரி வட்டத்தையும், 1997-ம் வருடம் சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் முதலிய ஊர்களையும், அவற்றைச் சூழ்ந்த வெளிகளையுமாம். ஒருபால் சங்ககிரி துர்க்கம், ஒருபால் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளிய செங்கோட்டு மலை, மேற்கே காவிரி, அதன் அக்கரையில் பவானியும் ஈரோடும். இவ்வெளிகளில் நெசவு செய்தோர் நம் செங்குந்த மரபினர் மட்டுமல்லர். தேவாங்கர், சாலியர், சௌராட்டிரர் முதலிய பிற மரபினரும் சேலத்திலும் அதனைச் சார்ந்த ஊர்களிலும் நம்மோடொப்பத் தறி நாட்டி வாழ்ந்தவரே. ஆகவே இவ்வரலாறு ஒரு குலத்துக்கே உரிய தற்புகழ்ச்சியாக முடியாது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கைக்கோளர் இருவகையாகக் காணப்படுகின்றனர். தெரிஞ்ச கைக்கோளப் படையினர் என அரசர் பெயரொடு வழங்கிய படைப்பிரிவினர் ஒருவகையார். தறி நாட்டி நெய்து வாழ்ந்தோர் மற்றொருவகையார். தறியிறை என்றொரு வரி அந்நாளிலேயே இருந்தது. தறியொன்றுக்கு வரி உண்டெனின், தறியை எண்ணிக் கணக்கெழுதிய அதிகாரியும் உளன் என்பது தானே பெறப்படும். 12-ம் நூற்றாண்டிற் சோழ வேந்தர் மூவர்க்கு அவைப்புலவராய் விளங்கிய ஒட்டக்கூத்தர் நம் மரபிற் பிறந்தவர் என்பதும், ஈட்டியெழுபது என்னும் நூல் அவர் பெயரால் வழங்குவதும் அன்பர் பலரும் அறிந்தனவே. விசயநகர வேந்தர் காலத்திலே, 15-ம் நூற்றாண்டளவில், கைக்கோளர்க்குத் தண்டு, சங்கு முதலிய வரிசைகள் அளிக்கப்பட்டமை கல்வெட்டுக்களால் தெரிகின்றது. எழுபத்திரண்டு நாடுகளாகப் பிரிந்து, காஞ்சியைத் தலைமையாகக் கொண்டு, வழக்குத் தீர்த்தும் வரி வகுத்தும் நம் முன்னோர் வாழ்ந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி.

நிற்க. பெருமை பேசுதல் எளிது. தொழில் நடந்த முறையை அறிதலே பயன் தருவது. இல்லத் தறி என்பது ஒருவன் தொழிலன்று. ஒரு குடும்பத்தின் தொழில். தறிக்குழியில் இறங்கி, மிதியிற் கால் வைத்து, நாடாவை எறிபவன் ஒருவனே. அவ்வொருவன் கை ஓயாதிருத்தற்கு வேறு மூவர் நால்வர் கைகள் ஓடுதல் வேண்டும். சிக்கெடுத்து நூலை இழைப்பவள் தாய். ராட்டையில் தார் சுற்றுபவள் மனைவி. அறுந்த இழையைப் பிணைத்து ஏவல் செய்பவர் பிள்ளைகள். பாவு ஓட்டிய பின் அதனைக் கஞ்சியில் தோய்த்து, விடியற்காலத்தே தெருவின் நீளத்துக்கு விரித்து, குச்சினால் வாரி உலர்த்தல் வேண்டும். அதற்கென நெசவூர்களில் ஒதுக்கிய நீண்ட வெளியே பாவடி எனப்படும். சேலத்துத் தெருக்கள் சிலவற்றுக்கு இன்றும் அப்பெயர் வழங்குகின்றது. பாவடியில் ஒரு வீட்டார் மட்டும் வேலை செய்தல் இயலாது. அண்டை வீட்டார் கை கொடுப்பர், மறுநாள் இவர் அவர்க்குக் கை கொடுப்பர். மழை வந்தால் பாவு நனையும். பாவு நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். வணிகன் கூலி கொடுத்தது நெய்த ஆடைக்கு. அக்கூலி தறியில் அமர்ந்த ஆடவன் கையில் விழுந்தது. நூல் இழைத்த தாய்க்கும் தார் சுற்றிய மனைவிக்கும் தனிக் கூலி என்று எக்கணக்கிலும் எழுதப்படவில்லை. இல்லத் தறி பிற்காலத்தே ஆலைகளோடு போட்டியிட்டு நிலைத்ததற்குப் பலரும் பல காரணம் கூறுவர். யான் கருதுவது, கணக்கில் எழுதப்படாத இப்பெண்டிர் உழைப்பே அதன் முதலாவதும் பெரியதுமான மூலதனம் என்பது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூல் இயற்றும் புலவனுக்கு நூல் நூற்கும் பெண்ணையே உவமையாக்கினார். ஆளில்லாப் பெண்டிர் நூல் நூற்று வாழ்ந்தமையைச் சங்கச் செய்யுட்களும் கூறும். புலவர் கண்ட அப்பெண்ணை வணிகர் கணக்கு மட்டும் கண்டிலது.

இனிக் கும்பினியார் காலத்தைப் பார்ப்போம். 1792-ம் வருடத்துச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயின. கர்னல் அலெக்ஸாண்டர் ரீடு துரை இந்நாட்டு நிருவாகத்துக்குத் தலைவராய் வந்தார்; பின்னாளிற் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அவர்க்குத் துணைவராயிருந்தார். சங்ககிரிக் கோட்டையிற் கும்பினிப் படை தங்கிற்று. தீரன் சின்னமலை 1805-ம் வருடம் தூக்கிலிடப்பட்டது இக்கோட்டையிலேதான். கோட்டைக்கு மேலே இது நிகழ, கோட்டைக்குக் கீழே நெசவாளர் தெருக்களில் ஓசையின்றி வேறொன்று நிகழ்ந்தது. அதன் பெயர் முன்பணம்.

சேலத்திற் கும்பினியாரின் வாணிகத் தலைவர் ஒருவர் இருந்து, சீமைக்கு அனுப்பவேண்டிய துணிகளை நெய்விக்க ஏற்பாடு செய்தார். நெசவாளன் கையில் நூல் வாங்கப் பணமில்லை. கும்பினியார் பணம் கொடுத்தனர். பணம் வாங்கியவன் குறித்த அளவும் குறித்த நயமும் உள்ள துணியைக் குறித்த நாளிற் கொடுத்தல் வேண்டும். கணக்குத் தீருமளவும் பிறர்க்கு விற்றலாகாது. தென்னாட்டு நெசவூர்கள் பலவற்றில் துணியைத் தரம் பிரித்தபோது தாழ்ந்ததெனத் தள்ளுதலும், தள்ளியதனாற் கடன் நிற்றலும், நின்ற கடனுக்காக வாயிலிற் சேவகனை நிறுத்தி அச்சேவகன் படியையும் நெசவாளன் தலையிலேயே ஏற்றுதலும் வழக்கமாயின. தறி அவனுடையது, வீடு அவனுடையது, கையும் அவனுடையது. ஆயினும் அவன் கை நெய்த துணியை யாருக்கு விற்பது என்னும் உரிமை அவனுடையதன்று. 1813-ம் வருடத்துச் சாசனத்தாற் கும்பினியாரின் தனி வாணிக உரிமை ஒழிந்தது. 1833-ம் வருடத்துச் சாசனத்தால் அவர் வாணிகமே ஒழிந்தது. கும்பினி போயிற்று, முன்பணம் போகவில்லை. அதனை உள்ளூர் வணிகரும், கையிற் சிறிது பொருள் சேர்ந்த நெசவு முதலாளிகளும் எடுத்துக்கொண்டனர்.

1861-62-ல் இருப்புப்பாதை சேலத்தினின்று சங்ககிரி வழியாகப் போத்தனூர் சென்றது. அவ்வண்டி பஞ்சை ஏற்றிச் சென்று நூலாகவும் துணியாகவும் திரும்பக் கொணர்ந்தது. மாஞ்செஸ்டர்த் துணியால் நெசவாளன் அழிந்தான் என்று பொதுவாகக் கூறுவர். அது முழுவதும் உண்மையன்று. முதலில் அழிந்தவள் நூல் நூற்ற பெண். ஆலை நூல் மலிவும் ஒருசீருமாய் வரவே, ராட்டினம் வைத்து நூற்ற கைம்பெண்டிரும் ஏழைப் பெண்டிரும், நெசவு மரபினரல்லாத குடியானவப் பெண்டிரும் ஒரு தலைமுறைக்குள் தொழில் இழந்தனர். நெசவாளனோ அவ்வாலை நூலையே வாங்கி நெய்து பிழைத்தான். சேலத்துக் குண்டஞ்சு வேட்டியும், சேலைகளும், பட்டும் விலை போயின. பவானியில் நெய்வோர் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சீமைத் துணிக்கு அஞ்சிச் சோர்ந்திராது, பருத்த சாய நூலாற் சமுக்காளம் நெய்யத் தொடங்கிப் புதுவழி கண்டனர். பவானிச் சமுக்காளம் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று.

தாது வருடப் பஞ்சம் என நம் பாட்டிமார் நடுங்கிக் கூறிய 1876-78-ம் வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொடிதாகத் தாக்கிற்று. 1871-ம் வருடக் குடிக்கணக்கில் ஏறக்குறைய 19½ இலட்சமாயிருந்த ஜில்லா மக்கள் தொகை, 1881-ல் 16 இலட்சமாகக் குறைந்தது. பஞ்சத்தில் முதலில் நிற்பது துணி வாணிகமே. பசித்தவன் புதுத் துணி வாங்கான். கல்லுடைக்கச் சென்றால் நெசவாளன் கை காய்த்து மெல்லிய நூலைத் தொட இயலாதாகும் என்பதை உணர்ந்து, துரைத்தனத்தார் நெசவாளர்க்கு நூல் கொடுத்து நெய்த துணியைத் தாமே வாங்கும் தனி உதவியை அப்பஞ்சத்திற் கையாண்டனர். தொழிலாளனுக்கு அவன் தொழிலைக் கொண்டே உதவுதல் தக்கது என்னும் பாடம் அன்று கற்கப்பட்டது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு பரீட்சை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலது. சென்னை மாகாணத்துக் கைத்தொழில் வளர்ச்சிக்கு உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன் துரை, விசைநாடாத் தறிகளைக் கொண்டு 1906-ம் வருடம் சேலத்தில் நெசவுச்சாலையொன்றைச் சர்க்கார் சார்பில் நிறுவினார். கையால் நாடா எறிந்து நெய்வதினும் கயிறிழுத்து நாடா ஓட்டி நெய்தால் ஒரு நாளில் மிகுதியாக நெய்யலாம் என்பது அவர் காட்ட விரும்பியது. அதில் ஐயமில்லை, அத்தறி பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஆனாற் சேலத்து நெசவாளர் அச்சாலைக்குச் சென்று வேலை செய்ய மனமிசையவில்லை. மணியடித்தால் வரவும் மணியடித்தாற் போகவும் அவர் உடன்படவில்லை. 1910-ம் வருடம் இந்தியா மந்திரி மார்லி பிரபு, சர்க்கார் தொழில் நடத்துதல் கூடாதெனக் கட்டளையிடவே அச்சாலை மூடப்பட்டது.

நெசவாளர் சோம்பராதலின் வரவில்லை என்று சிலர் எழுதினர். அவர் தறியை மட்டும் எண்ணினரேயன்றி வீட்டை எண்ணினரல்லர். சாலைக்குச் செல்லும் நெசவாளன் ஒருவன் கூலியே பெறுவான். வீட்டிலிருந்து நெய்பவன் நால்வர் உழைப்பை ஒரு துணியில் ஏற்றி விற்பான். அவன் சாலைக்குச் சென்றுவிட்டால் தாயின் ராட்டை நிற்கும். மனைவியின் தார் நிற்கும். முதியவன் செய்த சிறு பணியும் நிற்கும். அன்றியும், வீட்டுத் தறியில் அவன் பிறர் ஏவலாளன் அல்லன். கடனாளியேனும் தன் வாயிலுக்குத் தலைவன். ஆகவே அவன் மறுத்தது கணக்கறிந்து மறுத்ததேயாம்.

இதன்பின் இரண்டு வழிகள் தோன்றின. 1925-ம் வருடம் இராஜாஜி திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்திற் காந்தி ஆச்சிரமம் நிறுவி, கைந்நூற்பையும் கதரையும் வளர்த்தார். இருப்புப்பாதை வந்தபின் நின்றுபோன ராட்டினம் அவ்வாச்சிரமத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் மீண்டும் சுழன்றது. மற்றொரு வழி கூட்டுறவு. முன்பணத்தினின்றும் விடுபட வேண்டுமாயின் நெசவாளர் தாமே கூடி நூல் வாங்கித் தாமே விற்றல் வேண்டும் என்னும் கருத்து வலுத்து, 1935-ம் வருடம் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது. காவிரிக்கு அப்பாற் சென்னிமலையில் எம். பி. நாச்சிமுத்து அவர்கள் முன்னின்று வளர்த்த கூட்டுறவு நெசவு, போர்வையும் விரிப்பும் பிறநாடு செல்லுமளவு ஓங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1943-ம் வருடத்திய துணி நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தபோது, நூல் பெறுதலே அரிதாயிற்று. அப்போது சங்கத்திற் சேர்ந்திருத்தலின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

மேட்டூர் அணை 1934-ம் வருடம் முடிவுற்றது. அதன் நீரிலிருந்து மின்சாரம் பிறந்தது. அம்மின்சாரமே நம் சீமையின் நெசவு முறையைத் தலைகீழாக மாற்றிற்று. நாடு விடுதலை பெற்ற பின் குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, எடப்பாடி, இளம்பிள்ளை முதலிய ஊர்களிற் கைத்தறி இருந்த இல்லங்களிலேயே விசைத்தறி நாட்டப்பட்டது. தொடக்கத்தில் இரண்டு, நான்கு தறிகள். தந்தை ஒன்றைப் பார்ப்பார், மக்கள் மற்றதைப் பார்ப்பர். பின்பு எட்டு, பதினாறு ஆயின. இல்லம் பற்றாமற் கொட்டகை எழுந்தது. கொட்டகைக்குக் கூலியாட்கள் வந்தனர். நெசவாளன் முதலாளி ஆயினான். கைத்தறியைக் காத்தற்கென 1985-ம் வருடம் மத்திய சர்க்கார் சட்டமியற்றி 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கினர். 1996-ல் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. 1983-ம் வருடம் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும், 2006-ம் வருட முதல் விசைத்தறிக்கு அளிக்கப்பட்டு 2023-ல் இரு மாதத்துக்கு 1000 யூனிட்டாக உயர்த்தப்பட்ட விலையில்லா மின்சாரமும் தமிழக அரசு இத்தொழிலுக்குச் செய்த உதவிகள். இவற்றாற் பல குடும்பங்கள் நிமிர்ந்தன; பிள்ளைகள் கல்வி பெற்றனர்; கல்லூரிகளும் எழுந்தன. இவற்றை எண்ணி மகிழ்வோம்.

மகிழ்ந்த பின்னர் ஒரு வினாவுக்கும் விடை கூறுதல் வேண்டும். விசைத்தறிக் கொட்டகைகளில் வேலைக்கு வருவோர்க்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் நம் சீமையெங்கும் உண்டு. அதற்குப் பாக்கி என்று பெயர். மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் தொழிலாளி பெறுகின்றான். தீருமளவும் வேறிடம் செல்லலாகாது. வாரக் கூலியிற் சிறிது பிடிக்கப்படும். பிடித்தது போதாது, மீண்டும் கடன் ஏறும். இடம் மாறவேண்டின் வேறொரு முதலாளி அப்பாக்கியைக் கொடுத்து அவனை அழைத்துக்கொள்வார். அன்பர்களே, இது கும்பினியார் நம் முன்னோர்க்குச் செய்த ஏற்பாடேயன்றோ? வாயிலிற் சேவகன் நிற்கவில்லை, அத்துணையே வேற்றுமை. கடனைக் காட்டி உழைப்பைக் கட்டுதல் 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டதென்பதை நம்மவர் மறத்தலாகாது. சட்டத்துக்கு அஞ்சுதலினும் வரலாற்றுக்கு நாணுதல் மேலானது. முன்பணத்தின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த குலத்தார் அதனைப் பிறர்க்குச் செய்தல் தகுமோ? முதலாளி உதவுதல் நன்றே. ஆனால் உதவி வேறு, தளை வேறு. வாங்கிய கடன் எவ்வளவாயினும் ஒருவன் விரும்பியபோது வேறிடம் சென்று உழைத்துச் சிறிது சிறிதாகத் தீர்க்கலாம் என்று நம் ஊர் முதலாளிகள் கூடி ஒரு முடிவு செய்வராயின், அது நம் நாட்டுக் கூட்டங்கள் முற்காலத்துச் செய்த முடிவுகளினும் பெரியதாகும்.

மற்றொன்று பெண்டிரைப் பற்றியது. 2019-20-ம் வருடக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிற் கைத்தறித் தொழிலில் உள்ளோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவருள் நூற்றுக்கு 72 பேர் பெண்டிர். கணக்கெழுதும் அதிகாரி கண்ட இவ்வுண்மையை நம் குடும்பக் கணக்கு இன்னும் காணவில்லை. பாகம் பிரிக்கும்போது தறியும் கொட்டகையும் மக்களுக்குள் ஆடவர்க்கே பகுக்கப்படுகின்றன. மகளுக்குச் சீர்வரிசையோடு சரியென்கின்றனர். தமிழ்நாட்டில் 1989-ம் வருடச் சட்டத்தாலும், இந்தியா முழுவதிலும் 2005-ம் வருடச் சட்டத்தாலும் மகளும் மகனைப்போலவே பரம்பரைச் சொத்தில் உரிமையுடையவள். தார் சுற்றிய கை ஈட்டிய சொத்தில் தார் சுற்றியவளின் மகளுக்குப் பங்கில்லை என்றல் அறமாகுமோ? இச்சொத்தின் மூலதனம் யாது என்பதை மேலே கூறினேன். மூலதனம் இட்டவர்க்குப் பங்கு கொடுத்தல் வாணிக நீதியுமாம்.

இளைஞர் பலர் தறியை விட்டு வேறு தொழில் நாடுகின்றனர். அவரைக் குறை கூறேன். தந்தை தொழிலை மகன் செய்தே தீரவேண்டும் என்பது நியதியன்று. ஆயினும் தொழிலை விடுவோரும் அதன் வரலாற்றை விடுதல் வேண்டா. நம் இல்லங்களிற் பழைய கணக்கேடுகளும், நூல் வாங்கிய சீட்டுக்களும், சங்கத்துப் பாசு புத்தகங்களும் பரண்மேற் கிடந்து செல்லரிக்கின்றன. எழுபது எண்பது பிராயமுடைய தாய்மார் பாவடியில் பாவு வாரிய நாள்களை இன்னும் நினைவிற் கொண்டுள்ளனர். ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி, தம் இல்லத்தில் எத்தனை தறி இருந்தன, எவ்வகைத் துணி நெய்தனர், யாரிடம் கடன் பட்டனர், எப்போது தீர்த்தனர் என்பவற்றை எழுதி வைப்பாராக. எழுதும்போது தறியில் இருந்தவன் பெயரோடு, நூல் இழைத்தவள் பெயரையும் தார் சுற்றியவள் பெயரையும் மறவாது எழுதுவாராக. பாவு மட்டும் ஆடையாகாது; ஊடை மட்டும் ஆடையாகாது. இரண்டும் கூடிய இடத்தேதான் ஆடை உண்டு.